‘ஆர் ஆக்கள்?’ என்று கேட்கும் சட்டம்

டென்மார்க்கின் ஏதாவதொரு நகரில் துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தால், எங்கட சனத்தின் முதற் கேள்வி “ஆர் செத்தது?” என்பதல்ல. “ஆர் சுட்டது?” என்பதுமல்ல. “ஆர் ஆக்கள்?” என்பதுதான். ஊருக்கு வந்த புதியவரிடம் சாதி அறிவதற்காகச் சுற்றி வளைத்துக் கேட்கப்படுகிற அதே கேள்வி, கடல் கடந்து, குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு இங்கும் வந்துவிட்டது. அரபுப் பெடியள், சோமாலிப் பெடியள் என்று பதில் கிடைத்தால், “உவங்களைப் பிடிச்சு நாட்டுக்கு அனுப்பவேணும்” என்கிறார்கள். மோட்டார் சைக்கிள் ஓடும் வெள்ளைக்கார ரொக்கர்மார் என்று பதில் கிடைத்தால், “அது அவங்கட பிரச்சினை” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறார்கள்.

சனம் இப்படிக் கேட்பது ஒரு கெட்ட பழக்கம். ஆனால் ஒரு நாட்டின் சட்டம் இப்படிக் கேட்கத் தொடங்கினால் அது ஆபத்து. டென்மார்க்கின் சட்டம் அப்படிக் கேட்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு எம்மவர் பலர் கைதட்டவும் செய்கிறார்கள். கைதட்டுபவர்களோடுதான் எமக்கு வழக்கு.

இந்த நாட்டின் சட்டத்துக்கு வேறுவிதமாக நடக்கத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நன்றாகத் தெரியும். அதற்குச் சாட்சி, ‘ரொக்கர் யுத்தம்’ என்று இங்குள்ளவர்கள் இன்றும் சொல்லும் அந்தக் கொலைக்காலமும், அதன் பின் நடந்த வழக்குகளும்.

1994-இல் சுவீடனின் தெற்கேயுள்ள ஹெல்சிங்போரியில் தொடங்கியது அது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற கிளப் ஒரு பக்கம், பண்டிடோஸ் என்ற கிளப் மறு பக்கம். இரண்டும் அமெரிக்காவில் பிறந்தவை. முதுகில் இலச்சினை தைத்த தோற்சட்டை, கனத்த மோட்டார் சைக்கிள், கீழிருந்து மேலாகப் பதவிப் படிகள், ஒருவன் மேல் கைவைத்தால் எல்லோர் மேலும் கைவைத்ததாகக் கொள்ளும் விதி. எந்த மண் யாருடையது, எந்தச் சந்தை யாருடையது என்ற போட்டி. சுவீடனில் தொடங்கிய சண்டை பின்லாந்து, நோர்வே, டென்மார்க் என்று பரவியது. 1995 ஜூலையில் சுவீடன் பண்டிடோஸின் தலைவன், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டான்.

1996 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை. ஹெல்சிங்கி சென்று திரும்பிய பண்டிடோஸ்காரர்கள் கொப்பன்ஹேகனின் காஸ்ற்றுப் விமான நிலையத்திலிருந்து வெளியே வருகிறார்கள். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் அங்கே காத்திருந்து சுடுகிறார்கள். ஒருவன் இறந்தான், வேறு சிலர் காயப்பட்டனர். அதே நாளில் ஒஸ்லோவின் போர்னெபு விமான நிலையத்திலும் சூடு. பெட்டி தள்ளிக்கொண்டு பயணிகள் நடமாடும் இடத்தில், பட்டப்பகலில் நடந்த காரியம் இது.

அந்த ஆண்டு ஒக்ரோபர் 6 அதிகாலை நடந்தது இன்னும் மோசம். கொப்பன்ஹேகனின் நோர்றபுறோ பகுதியில், ரிற்ரன்கேட என்ற தெருவில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் இருப்பிடம் இருந்தது. அயலவர்களும் வந்துபோகக்கூடிய விருந்து ஒன்று அன்றிரவு அங்கே நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கூரையிலிருந்து டாங்கி எதிர்ப்பு ரொக்கட் ஒன்று கட்டடத்துக்குள் ஏவப்பட்டது. இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் கிளப்பைச் சேர்ந்தவன். மற்றவர் கிளப்புக்கும் சண்டைக்கும் சம்பந்தமில்லாத, அந்தப் பகுதிப் பெண். காயப்பட்டோர் பலர். சுவீடன் இராணுவக் களஞ்சியங்களிலிருந்து களவுபோன இப்படியான ஆயுதங்கள் அந்தக் காலத்தில் குழுக்களின் கைகளில் புழங்கின. 1997 ஜூன் 4-இல் நோர்வேயின் டிராமன் நகரில் பண்டிடோஸ் இருப்பிடத்துக்குக் குண்டு வைக்கப்பட்டபோது இறந்தவர், வீதியால் காரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்.

நான்கு நாடுகளிலும் சேர்த்து 11 பேர் கொல்லப்பட்டார்கள். காயப்பட்டவர்கள் 90-க்கும் மேல். 1997 செப்ரெம்பர் 25 அன்று இரண்டு கிளப்புகளின் பெரியவர்களும் தொலைக்காட்சிக் கமெராக்களின் முன் கைகுலுக்கினார்கள். யுத்தம் முடிந்தது என்றார்கள். சந்தையைப் பங்கு பிரித்த கைகுலுக்கல் அது என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சந்தேகம் எமக்கும் இருக்கிறது.

சட்டம் என்ன செய்தது? இதைத்தான் வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

காஸ்ற்றுப் சூட்டுக்காக ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்காரர் ஆறு பேர் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். ஒருவனுக்கு ஆயுள் தண்டனை. ஏனையோருக்கு அவரவர் பங்கின்படி ஆண்டுக் கணக்கில் சிறை. ரிற்ரன்கேட ரொக்கட்டுக்காகப் பண்டிடோஸ் பக்கத்து ஒருவனுக்கு ஆயுள் தண்டனை. யார் விசையை அழுத்தினான், யார் கார் ஓடினான், யார் திட்டமிட்டான் என்று ஒவ்வொருவனையும் தனித்தனியே எடுத்துப் பார்த்து, சாட்சிகளை ஜூரிமார் முன் வைத்து, அவனவன் செயலுக்குத் தண்டனை கொடுத்தார்கள். தோற்சட்டை போட்ட அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டுபோய் அடைக்கவில்லை. அவர்களுடைய தாய்மாரின் வீடுகளைப் பறிக்கவில்லை. அவர்கள் பிறந்த கிராமங்களுக்குப் பட்டியல் போட்டுப் பெயர் வைக்கவுமில்லை.

ரொக்கட் ஏவப்பட்டு ஒன்பது நாளில், 1996 ஒக்ரோபர் 15-இல், அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்தது. ‘ரொக்கர் சட்டம்’ என்று பெயர் பெற்றது. ஒரு குழு கூடுமிடமாகப் பாவிக்கும் கட்டடத்தின்மீது தாக்குதல் நடந்து அயலவர்க்கு ஆபத்து வரும் என்றிருந்தால், அந்தக் குழுவினர் அங்கே இருக்கக்கூடாது என்று பொலிஸ் தடை விதிக்கலாம் என்பது அதன் சாரம். பயத்தில் பிறந்த சட்டம்தான். இருந்தாலும் அதன் அளவைப் பாருங்கள்: ஒரு கட்டடம், ஒரு ஆபத்து, ஒரு தடை. அதைக்கூட ரொக்கர்மார் சும்மா விடவில்லை. கூட்டம் கூடும் சுதந்திரத்தை அரசியலமைப்பு எமக்கும் தந்திருக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1999-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அவர்கள் தோற்றார்கள். தோற்றாலும், நாட்டின் மிக உயர்ந்த நீதிபதிகள் அவர்களுடைய உரிமையை எடுத்து நிறுத்துப் பார்த்த பிறகே தோற்றார்கள்.

டென்மார்க் அரசியலமைப்பின் 78-ஆம் பிரிவு இன்னுமொன்றைச் சொல்கிறது. வன்முறையால் இயங்கும் சங்கத்தை நீதிமன்றத் தீர்ப்பின் மூலம் கலைக்கலாம். அரசு தற்காலிகமாகத் தடை செய்யலாம், ஆனால் உடனே வழக்குத் தொடரவேண்டும். விமான நிலையத்தில் சூடு, நகரின் நடுவே ரொக்கட் என்று இவ்வளவும் நடந்த பின்னரும் இரண்டு கிளப்புகளில் எதையும் அன்று கலைக்கவில்லை. தனியாள் செய்த குற்றத்துக்குச் சங்கத்தைப் பொறுப்பாக்கச் சான்று வேண்டும், அந்தச் சான்று போதாது என்பதே நீண்ட காலம் அரச சட்டத்துறையின் வாதமாக இருந்தது.

ரொக்கர்மாருக்கு இவ்வளவு மரியாதையா என்று சிலருக்குக் கோபம் வரும். எமக்கு வரவில்லை. கொலைகாரன் என்று குற்றம் சாட்டப்பட்டவனுக்குக்கூட ‘நீ என்ன செய்தாய்?’ என்ற கேள்வியைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் சட்டம் நல்ல சட்டம். எமது கேள்வி வேறு. அந்தப் பொறுமை பிறகு எங்கே போனது?

2008 ஆகஸ்டில் கொப்பன்ஹேகனின் ரின்பியேர் பகுதியில் துருக்கிய வம்சாவளி இளைஞன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 19. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸைச் சூழ்ந்திருந்தவர்களுக்கும் குடியேறியவர்களின் பிள்ளைகளைக் கொண்ட குழுக்களுக்கும் இடையே புதிய சண்டை அதோடு மூண்டது. எதிரி மாறியதும் பேச்சு மாறியது. முன்பு இரண்டு கிளப்புகளின் சண்டையாக இருந்தது, இப்போது ‘குடியேற்றத்தின் பிரச்சினை’ ஆனது. குற்றத்துக்கு முகவரியும் தோல் நிறமும் வந்து சேர்ந்தன.

2009-இல் குழுச் சண்டைக் குற்றங்களுக்குத் தண்டனையை இருமடங்கு வரை கூட்டச் சட்டம் வந்தது. அது வெள்ளை ரொக்கருக்கும் பொருந்தும், மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 2010-இலிருந்து அரசு ஆண்டுதோறும் ‘கெற்றோ’ப் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. 2018-இல் அதை ஒரு பெரிய சட்டப் பொதியாக்கியது. ஒரு பகுதியில் பாதிக்கு மேற்பட்டோர் ‘மேற்கல்லாத’ நாடுகளிலிருந்து வந்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ என்றிருந்து, வேலை, படிப்பு, வருமானம், குற்றத் தீர்ப்பு ஆகிய அளவுகோல்களில் சிலவும் சேர்ந்தால் அது கெற்றோ. 2021-இல் ‘சமாந்தர சமூகம்’ என்று பெயரை மாற்றினார்கள். பெயர் மாறியதால் பட்டியல் மாறவில்லை. பட்டியலில் தொடர்ந்து இருக்கும் பகுதிகளில், குடும்பங்களுக்கான பொது வாடகை வீடுகளை 2030-க்குள் 40 வீதத்துக்குக் குறைக்கவேண்டும். இடிக்கலாம், விற்கலாம், சனத்தை எழுப்பலாம். அங்கே வாழும் பெற்றோரின் ஒரு வயதுக் குழந்தை, டென்மார்க்கின் விழுமியங்களைக் கற்கக் கிழமைக்கு 25 மணித்தியாலம் பராமரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டும். அதே 2018-இல் வந்த இன்னொரு ஏற்பாட்டின்படி, பொலிஸ் ஒரு பகுதியைக் கடுந்தண்டனை வலயமாக அறிவித்தால், அங்கே செய்யப்படும் சில குற்றங்களுக்கு இருமடங்கு வரை தண்டனை. வீதியின் இந்தப் பக்கத்தில் கண்ணாடி உடைத்தால் ஒரு கணக்கு. அந்தப் பக்கத்தில் உடைத்தால் வேறு கணக்கு.

குசினியில் ஒரு கோப்பை உடைகிறது. உடைத்தவன் யார் என்று பார்க்காமல், அந்த மூலையில் நிற்கிற எல்லோருடைய சம்பளத்திலும் வெட்டுகிற முதலாளியை நாம் நீதிமான் என்றா சொல்வோம்?

அந்த ‘மேற்கல்லாத’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள்? அரபுக்காரர் மட்டுமா? இலங்கையும் அதற்குள்தான். பத்திரிகையில் சோமாலிக்காரரைப் பற்றி வாசித்து “அவங்களுக்கு இது வேணும்” என்று சொல்லும் எமது அண்ணைமாரும் அதற்குள்தான். டெனிஸ் மொழியிலேயே கனவு காணும் அவர்களின் பிள்ளைகளும், ‘வழித்தோன்றல்’ என்ற தலைப்பின் கீழ் அதே கணக்குக்குள்தான். “நாங்கள் ஒழுங்கான வெளிநாட்டார்” என்று ஒரு பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை.

சங்கம் கலைத்த கதையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ‘லோயல் ரு பமிலியா’ என்ற குழு 2010-களில் தலையெடுத்தது. குடியேறியவர்களின் பிள்ளைகள் அதிகம் இருந்த குழு. அவர்கள் நல்லவர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. தெருவில் சுட்டவர்கள், தண்டிக்கப்படவேண்டியவர்கள். அந்தக் குழுவை 2018 செப்ரெம்பரில் தற்காலிகமாகத் தடை செய்து, 78-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டு, 2021 செப்ரெம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு கலைத்துவிட்டார்கள். பண்டிடோஸுக்குத் தற்காலிகத் தடை வந்தது 2024 மேயில். ரிற்ரன்கேட ரொக்கட்டிலிருந்து எண்ணினால் 27 ஆண்டுகளுக்கு மேல். ஒரே அரசியலமைப்பு, ஒரே பிரிவு. ஒருவருக்கு அது மாட்டுவண்டி, மற்றவருக்கு விமானம்.

இரட்டைத் தண்டனை என்று ஒன்றும் உண்டு. ஒரே சண்டையில், ஒரே குற்றத்துக்கு, டென்மார்க் பிரஜையான ரொக்கரும் பிரஜாவுரிமை இல்லாத வெளிநாட்டுப் பெடியனும் தண்டிக்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கர் சிறையிலிருந்து வீட்டுக்குப் போவான். மற்றவனுக்குச் சிறை முடிய நாடுகடத்தல் காத்திருக்கும். மூன்று வயதில் இங்கு வந்து, தகப்பனின் நாட்டு மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாதவனாக இருந்தாலும் ஆபத்து அதேதான். சிறைத் தண்டனை பெற்றவருக்குப் பிரஜாவுரிமைக் கதவை மூடிவிடுவதென்று 2021-இல் கட்சிகள் உடன்பட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

“ஒழுங்காய் இருந்தால் ஏன் பயப்படவேணும்?” என்று கேட்கிறார்கள். குசினியில், கோயில் திருவிழாவில், தமிழ்ப் பாடசாலை வாசலில், எங்கும் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் இந்த நாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றின் பெயர், கேட்பவர்கள் வெட்கப்படட்டும், ‘தமிழர் வழக்கு’.

1987-இல் இங்கே அகதி அந்தஸ்துப் பெற்றிருந்த தமிழர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? யாரைச் சுட்டார்கள்? மனைவியையும் பிள்ளைகளையும் யுத்தத்திலிருந்து கூப்பிடச் சட்டப்படி விண்ணப்பித்தார்கள், அவ்வளவுதான். சட்டம் அவர்களுக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. அந்தச் செப்ரெம்பரில் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். 1989 ஜனவரி வரை அவை கிடந்தன. ஹேர்னிங்கிலும் ஹோல்ஸ்டெப்ரோவிலும் தபாற்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த தலைமுறை அது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு மனிதன் இருந்தான். ஆனால் அமைச்சர் கோப்பைத் திறக்கவில்லை. ‘ஆர் ஆக்கள்?’ என்று கேட்டார். ‘தமிழர்’ என்ற பதில் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தபோது, பிரதமர் போல் ஸ்லூற்றரின் அரசே விழுந்தது. 1995 ஜூனில், அமைச்சர்மாரை விசாரிக்கும் அரசாங்க உயர் நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டது. ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறை. அதற்கு முன் அந்த நீதிமன்றம் கூடியது 1910-இல். பிறகு கூடி 2021 டிசெம்பரில் தீர்ப்புச் சொன்னபோது, குற்றவாளியாக நின்றவர் முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்ரொய்பேர்க். 2016-இல், ஒருவர் 18 வயதுக்குக் குறைந்திருந்த அகதித் தம்பதிகளைத் தனித்தனி நிலைமை பாராமல் ஒட்டுமொத்தமாகப் பிரிக்க உத்தரவிட்ட குற்றத்துக்கு 60 நாட் சிறை. இரண்டு வழக்குகளிலும் குற்றம் ஒன்றே: ஆளைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவர்கள் அகதிகள். ஒழுங்காய் இருந்தவர்கள்.

இன்னுமொரு வாதமும் வரும். குழுக்களுக்குப் பயந்து வாழும் அப்பாவிச் சனத்தைப் பற்றிக் கவலையில்லையா என்று. கவலை இருப்பதால்தான் எழுதுகிறோம். ரிற்ரன்கேடவில் இறந்த பெண்ணும், டிராமனில் காருக்குள் இறந்த பெண்ணும் எந்தச் சட்டையும் போட்டவர்களல்லர். இன்று பட்டியலிடப்பட்ட பகுதிகளில் யன்னலுக்கு வெளியே வெடிச்சத்தம் கேட்டுப் பிள்ளையை இழுத்து அணைக்கும் தாய்மார் பெரும்பாலும் அந்த ‘மேற்கல்லாத’ பெண்கள்தான். சுட்டவனைப் பிடிப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. அவர்களுடைய வீட்டை இடிப்பதும், அவர்களுடைய குழந்தையைச் சந்தேகிப்பதும் என்ன பாதுகாப்பு? சாட்சி சொல்ல அவர்கள் முன்வரவேண்டுமானால், பொலிஸைக் கண்டு பயப்படாமல் இருக்கவேண்டும். முழுத் தெருவையும் குற்றவாளியாக்கிவிட்டு அந்தத் தெருவிடமே சாட்சி கேட்கிற கெட்டித்தனத்தை என்னவென்பது!

எமது கோரிக்கை பெரிதல்ல. 1996-இல் காஸ்ற்றுப்பில் துப்பாக்கியோடு நின்றவனுக்கு இந்த நாடு கொடுத்ததை, அந்த ஒரே ஒரு கேள்வியை, எல்லோருக்கும் கொடுக்கட்டும். ‘நீ என்ன செய்தாய்?’ செய்தவனுக்கு உரிய தண்டனை கிடைக்கட்டும், கடுமையாகவே கிடைக்கட்டும். செய்யாதவன் வீட்டில் நித்திரை கொள்ளட்டும்.

எம்மவரிடம் கேட்பதும் இதுதான். கொம்யூன் தேர்தல் வரும்போது வாக்குக் கேட்டுக் கோயில் மண்டபத்துக்கும் கலைவிழாவுக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். பொன்னாடை போர்த்து, வடை கொடுத்து, படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். வலயச் சட்டத்துக்கு உங்கள் கட்சி கையுயர்த்தியதா என்று கேளுங்கள். எங்கள் பிள்ளை எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் தமிழர்கள் நல்லவர்கள், மற்றவர்கள் மாதிரியல்ல என்று புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1987-இல் எங்கள் கோப்புகளைக் கிடப்பில் போட்டபோது, எங்களில் நல்லவர் யார் என்று யாரும் பார்க்கவில்லை.